முந்தின நாள் வாருங்கள்

பண்டிகை நெருங்க நெருங்க எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றியவைதான். நான் ஒரு குழந்தைகள் இல்லத்தில் 26 ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவள் என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே பிள்ளைகள் என்னைப் 'பெரியம்மா' என்றார்கள். இப்போது நீங்களும் அப்படியே அழைத்து எழுதுகிறீர்கள். இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, முழு இடத்தையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

*

கேள்வி: பெரியம்மா, நாங்கள் அலுவலக நண்பர்கள் 15 பேர். பண்டிகை நாளன்று ஓர் இல்லத்துக்குப் போய், அங்குள்ள 40 பிள்ளைகளுக்கும் புதுத்துணி, இனிப்பு, விளையாட்டுச் சாமான் எல்லாம் கொடுத்து, பாட்டு, விளையாட்டு என்று அந்த நாளை அவர்கள் மறக்க முடியாதபடி செய்ய ஆசைப்படுகிறோம். காலை 10 மணிக்குப் போய் 1 மணிக்குத் திரும்புவதாகத் திட்டம். என்னென்ன வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

பதில்: என்ன வாங்குவது என்பதற்குக் கடைசியில் வருகிறேன், தம்பி. முதலில் எனக்கு வந்த ஒரு போனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் இல்லத்தில் 4 வயதில் சேர்ந்த பெண் ஒருத்தி. 18 முடிந்ததும் வேலை கிடைத்து, தோழியோடு வாடகை அறை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வருடப் பண்டிகைக்குத் தோழி தன் வீட்டுக்குப் போய்விட்டாள். முந்தின நாள் மாலை இவளிடமிருந்து எனக்கு போன். "பெரியம்மா, நாளைக்குப் பண்டிகை. இன்னைக்கு நான் என்ன செய்யணும்?" என்றாள். எனக்குக் கேள்வியே புரியவில்லை. "அக்கம்பக்கத்துல எல்லாரும் காலையிலேர்ந்து ஏதோ வேலையா ஓடிக்கிட்டே இருக்காங்க. நான் மட்டும் சும்மா உக்காந்திருக்கேன். நம்ம இல்லத்துல வண்டி வரும், நாம வரிசையில நிப்போம். அதுக்கு முன்னாடி என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியலையே" என்றாள்.

14 வருடப் பண்டிகைகள் என் கண்ணெதிரே நடந்தவை. ஒரு வருடம்கூட அவள் புதுத்துணி இல்லாமல் நின்றதில்லை. ஆனால் பண்டிகையை உண்டாக்குகிற வேலை எதிலும் அவள் கை பட்டதில்லை. அதற்குக் காரணம் நான்தான். எந்தக் குழு எத்தனை மணிக்கு வருகிறது, யார் சாப்பாடு, யார் துணி என்று பட்டியல் போட்டு, ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளாமல் நடத்திக் கொடுத்தால் என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அன்று போனை வைத்த பிறகு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பண்டிகை ஒரே நாளில் வருவதில்லை. இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுகிறது. துணியின் நிறத்துக்குச் சண்டை போடுகிறது. பரணிலிருந்து இறக்கிய சாமானைத் துடைக்கச் சொன்னால் முகம் சுளித்துக்கொண்டே துடைக்கிறது. அடுப்படியிலிருந்து விரட்டப்படுகிறது, மறுபடி போய் நிற்கிறது. "இதை நீ செய்" என்று ஒரு சின்ன வேலை அதன் பெயருக்கு ஒதுக்கப்படுகிறது. முந்தின இரவு தூக்கம் வராமல் புரள்கிறது. மறுநாள் காலைக்கு ருசி வருவது இவற்றால்தான். இல்லத்துப் பிள்ளைக்கோ எல்லாம் முடிந்து, கட்டி, ஒட்டி, பெட்டியில் வந்து இறங்குகிறது. வாங்கிக்கொண்டு நன்றி சொல்வது ஒன்றுதான் அதற்கு மிச்சம்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான்: முந்தின நாள் வாருங்கள். முடிந்தால் அதற்கு முந்தின இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாருங்கள். வண்ணக் காகிதம், கத்தரிக்கோல், பசை, நூல்கண்டு, ஓர் ஏணி இருந்தால் போதும். அலங்காரத்தைப் பிள்ளைகள் செய்யட்டும். கோணலாக வெட்டியதை நேராக்காதீர்கள், கோணலாகவே தொங்கட்டும். கூடத்தைக் கழுவும்போது நீங்களும் கால்சட்டையை மடித்துக்கொண்டு துடைப்பத்தை எடுங்கள். தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கழுவும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பை மைக் வைத்து நடத்தும் எந்தப் போட்டியிலும் நான் கேட்டதில்லை.

துணி வாங்குவதாக இருந்தால் மூன்று வாரம் முன்னதாகவே அளவு நாடாவோடு போங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக அளந்து, பெயருக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து துணி மாதிரிகளைக் கொண்டுபோய் முன்னால் விரித்து, எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த போனுக்குப் பிறகு எங்கள் இல்லத்தில் முதல்முறை இப்படிச் செய்தபோது 7 வயதுப் பையன் ஒருவன் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். தொட்டுத் தொட்டுப் பார்த்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். அவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் அதுவரை காத்திருந்ததே இல்லை. கடைசியில் "எனக்கு இதுதான் வேணும்" என்றான். ஒரே நிறத்தில் 40 சட்டை வாங்கினால் அது சீருடை. பார்த்த மாத்திரத்தில் 'இல்லத்துப் பிள்ளை' என்று தெருவே சொல்லிவிடும்.

15 பேரும் ஒரே நேரத்தில் போக வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஆன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் போரால் சிதறிய குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாப் பணியாளரும் என்று இருந்ததை மாற்றி, சில பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பெண் பொறுப்பு என்று சின்னச் சின்னக் 'குடும்பங்களாக'ப் பிரித்தார்கள். முதலில் பொறாமையும் அழுகையும் வெடித்தன. பிறகு பிள்ளைகள் தேறி, வளர்ச்சியில் முந்திப் போனார்கள். என் பயிற்சிக் காலத்தில் படித்த இந்தப் பாடம் விருந்தினருக்கும் பொருந்தும் என்பதை நடைமுறையில் கண்டிருக்கிறேன். ஒருவர் நாலைந்து பிள்ளைகளோடு மட்டும் இருங்கள். ஒவ்வொரு முறையும் அதே பிள்ளைகளோடு இருங்கள். பெயர் மறந்துவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

பொறுப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு: "பண்டிகையன்று எத்தனை பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள்?" 40 பேரில் பாதிக்கு மேல் அம்மாவோ பாட்டியோ வந்து இரண்டு நாளைக்கு அழைத்துப் போவார்கள். கேட் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, மாலையில் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் மிஞ்சுவார்கள். பண்டிகை நாளில் உங்களில் யாராவது போவதானால், மூன்று பேர், மாலை 4 மணிக்குமேல் போங்கள். காலையில் போக எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் காலத்தில் ஒரே நாளில் மூன்று குழுக்கள் வந்து, அதே வரவேற்புப் பாட்டை மூன்று முறை பாடி, மூன்று முறை இனிப்புத் தின்று, ராத்திரி வாந்தியெடுத்த பிள்ளைகளுக்கு நான் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். சந்தடியெல்லாம் அடங்கிய பிறகு அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து தாயம் உருட்டுங்கள், கதை பேசுங்கள்.

எந்தப் பண்டிகை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கூரையின் கீழ் வேறு வேறு சமயத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு, குடும்பத்தைப் பிரிந்து வளரும் குழந்தையின் சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அந்தப் பிள்ளை தன் வீட்டில் எதைக் கொண்டாடியதோ, அந்த நாளையும் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். அந்த நாளில் வேறு யாரும் வர மாட்டார்கள்.

இனி வாங்குவது. உள்ளாடை, சரியான அளவில் செருப்பு, வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், தலைக்குக் கிளிப், பந்தோடு கூடவே காற்றடிக்கும் பம்ப். பொறுப்பாளர் கூச்சப்பட்டுச் சொல்லாத பட்டியல் இது. பேட்டரியில் ஓடும் பொம்மை இரண்டு நாளில் நின்றுவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னப் பெட்டியும் பூட்டும் சாவியும் வாங்கிக் கொடுங்கள். எல்லாமே பொதுவாக இருக்கும் இடத்தில், தன் சாவியைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு திரிந்த பிள்ளைகளைப் பார்த்தவள் சொல்கிறேன்.

*

கேள்வி: போன வருடம் நாங்கள் கொண்டாடியபோது இல்லத்தில் படம் எடுக்கவே விடவில்லை. நல்ல காரியத்தை நாலு பேர் பார்த்தால் அவர்களுக்கும் உதவத் தோன்றும்தானே? இதில் என்ன தவறு?

பதில்: உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த இல்லம் செய்தது சரி.

எங்கள் இல்லத்தில் 8-ஆம் வகுப்புப் படித்த ஒரு பெண், தான் இல்லத்தில் இருப்பதைப் பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. சித்தி வீட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு பண்டிகைக்கு வந்தவர்கள் எடுத்த குழுப் படம் எங்கெங்கோ சுற்றி, வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா போனுக்குப் போய்ச் சேர்ந்தது. கையில் துணிப் பொட்டலம், பின்னால் கொட்டை எழுத்தில் பேனர். மறுநாள் பள்ளிக்குப் போனவள் மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். அடுத்த பண்டிகைக்கு விருந்தினர் வந்தபோது குளியலறையில் போய்த் தாழிட்டுக்கொண்டாள். மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை.

தன் நிலையை யாரிடம் எப்போது சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம். உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்வது இதற்காகத்தான். சில பிள்ளைகள் ஆபத்தான ஆட்களிடமிருந்து விலக்கி, எங்கே இருக்கிறார்கள் என்றே வெளியில் தெரியாமல் வைக்கப்பட்டவர்கள். சட்டையில் தெரியும் பள்ளி முத்திரை ஒன்று போதும், கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் பிள்ளைகளுக்கென்று படம் எடுப்பது வேறு. இல்லத்துப் பிள்ளைகளிடம் தங்கள் சின்ன வயதுப் படம் அநேகமாக இருக்காது. பொறுப்பாளர் அனுமதியோடு இல்லத்துக் கேமராவில் எடுத்து, அச்சிட்டு, பின்னால் தேதி எழுதி, அந்தந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்குத் தெரியத்தான் வேண்டும் என்றால், பிள்ளைகள் வெட்டித் தொங்கவிட்ட காகிதத் தோரணத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

*

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்ற பண்டிகைக்கு ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். 3 வயதுக் குழந்தை ஒன்று பார்த்த உடனேயே மடியில் ஏறிக்கொண்டது. "நீ என் அம்மாவா?" என்று கேட்டது. கிளம்பும்போது புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "சீக்கிரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உடம்புக்கு முடியாமல் போக முடியவில்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது போகலாமா, போனால் இன்னும் வேதனைப்படுத்துவேனா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில், அந்தக் குழந்தை ஏன் பார்த்த உடனே மடியேறியது என்பதைச் சொல்கிறேன்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் அவர்கள் கண்ட ஒன்று, முன்பின் தெரியாதவர் வாசலில் வந்து கூப்பிட்டாலும் கூடவே போய்விடும் போக்கு. குடும்பத்தில் வளர்ந்த குழந்தை புது ஆளைப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். ஒளிந்துகொள்ள ஒரு முந்தானை நிலையாக இல்லாத குழந்தை, வருகிற மடியிலெல்லாம் ஏறும். நாம் அதைப் பாசம் என்று நினைத்து உருகிவிடுகிறோம். அது தேடல். வளர்ப்புக் குடும்பங்களில் இரண்டு வயதுக்குள் சேர்க்கப்பட்ட குழந்தைகள் பாசப் பிணைப்பில் நன்றாகத் தேறினார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நிலையான ஓர் ஆள் கிடைத்தால் குழந்தை மீளும்.

உங்கள் மீது தவறு காண எனக்கு மனம் வரவில்லை. 'சீக்கிரம்' என்ற சொல்லில்தான் சிக்கல். 3 வயதுக் குழந்தைக்குச் சீக்கிரம் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. எங்கள் இல்லத்தில் 5 வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு மாமா "அடுத்த வாரம் சைக்கிளோடு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு ஞாயிற்றுக்கிழமை அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். ஐந்தாவது ஞாயிறு உட்காரவில்லை. அப்பாடா, மறந்துவிட்டான் என்று நிம்மதியடைந்தேன். அது மறதி இல்லை என்பது, அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் நகர்ந்து போனதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

நீங்கள் போகலாம். முதலில் பொறுப்பாளரிடம் போனில் பேசுங்கள். அந்தக் குழந்தை இன்னும் அங்கே இருக்கிறதா, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போய்விட்டதா என்று தெரியாது. இருந்தால், உங்கள் உடம்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை போக இடம் கொடுக்கும் என்று கணக்குப் போடுங்கள். மாதம் ஒருமுறை என்றால் மாதம் ஒருமுறை. சுவர்க் காலண்டரில் அந்தத் தேதியைக் குழந்தையின் கையாலேயே வட்டம் போட வையுங்கள். வர முடியாமல் போனால் அன்றைக்கே போனில் குழந்தையிடமே பேசுங்கள். அழுதால், "டீச்சர் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, அதனாலதான் வரலை" என்று உண்மையைச் சொல்லுங்கள். மடியில் தூக்கிவைப்பதை அங்கே தினமும் இருக்கும் பணியாளருக்கு விட்டுவிட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரையுங்கள். அம்மாவா என்று மறுபடி கேட்டால், "இல்லை கண்ணு, நான் உன்னைப் பார்க்க வர்ற டீச்சர் பாட்டி" என்று சொல்லுங்கள். உங்களுக்கு அதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

*

கேள்வி: தன்னார்வலராகச் சேர விண்ணப்பித்தேன். காவல்துறை சரிபார்ப்புச் சான்றிதழ், இரண்டு பேரின் பரிந்துரை, பயிற்சி வகுப்பு என்று அலைய விடுகிறார்கள். பிள்ளைகளோடு தனியாக அறையில் இருக்கக் கூடாதாம். குற்றவாளிபோல் நடத்தியது மனதைப் புண்படுத்துகிறது.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த இல்லத்தை விட்டுவிடாதீர்கள், நல்ல இடம். பிள்ளைகளைக் கெடுக்க நினைக்கிறவன் இனிப்போடும் சிரிப்போடும்தான் வருவான். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க 26 வருட அனுபவம் இருந்தும் என்னால் முடியாது. அதற்குத்தான் எல்லோருக்கும் ஒரே விதி. கதவு திறந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் பாதுகாப்பு. ஒரு வாரம் அலைந்து சான்றிதழ் வாங்கி வாருங்கள். அந்த ஒரு வாரத்துக்குள் சலித்துப்போய் விட்டுவிடுபவர்கள் பிள்ளைகளின் வாழ்க்கைக்குள் வராமல் இருப்பதும் நல்லதுதான்.

*

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. எதைக் கொடுத்தாலும் திருப்தி இல்லை. இல்லத்துக்கு அழைத்துப்போய், அங்குள்ள குழந்தைகளைக் காட்டினால் தன் அதிர்ஷ்டத்தை உணர்வான் என்று நினைக்கிறேன். பண்டிகையன்று அவன் கையால் பரிசு கொடுக்க வைக்கலாமா?

பதில்: வேண்டாம் மகளே. இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மகன் பாடம் படிக்க இன்னொரு 9 வயதுப் பையன் பாடப்புத்தகமாக உட்கார்ந்திருக்கக் கூடாது. அவனுக்குப் புரியும். "அவங்க அம்மா அவனுக்கு எங்களைக் காட்டுறாங்க" என்று என் பிள்ளை ஒருவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். தன் வயதுப் பையன் கொடுப்பதைக் கைநீட்டி வாங்குவது பெரியவரிடம் வாங்குவதைவிடப் பத்து மடங்கு கூசும்.

விளையாட அழைத்துப் போங்கள். பந்து விளையாட்டில் இல்லத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். உங்கள் மகன் தோற்றுப் போவான், போகட்டும். இல்லத்துப் பையன் அவனுக்கு மரம் ஏறவோ பம்பரம் விடவோ சொல்லித்தரட்டும். குழந்தையின் விளையாடும் உரிமையை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே சொல்கிறது. இருவரும் சேர்ந்து விளையாட ஒரு நாள் போதாது. நாலைந்து முறை போன பிறகு, உங்கள் மகன் வீட்டுக்கு வந்து அந்தப் பையனின் பெயரைச் சொல்லிப் பேசினால், பண்டிகைக்கு என்ன செய்யலாம் என்று அவனையே கேளுங்கள்.

*

கேள்வி: எங்கள் சுற்றுலாப் பயணத்தின் நடுவே ஓர் அநாதை இல்லத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகள் நடனம் ஆடுவார்களாம், நாமும் கூட இருந்து கொண்டாடலாமாம். போகலாமா?

பதில்: போகாதீர்கள்.

யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், பிள்ளைகளைத் தூக்கலாம், வருகிறவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் ஆடிக் காட்ட வேண்டும் என்றால், அங்கே பிள்ளைகள்தான் சம்பாத்தியம். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, நோய், வீட்டுச் சண்டை, பள்ளிக்கூடம் தூரம் என்று வந்து சேர்ந்தவர்கள். பார்க்க வருகிறவர்களின் பணத்துக்காக ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து 'அநாதை' என்று உட்கார வைக்கும் இடங்களும் உலகில் உண்டு. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தைகள் உரிமை பற்றி நிறைவேற்றிய தீர்மானம், சுற்றுலாவோடு சேர்ந்த இத்தகைய தன்னார்வத் திட்டங்களால் விளையும் கேட்டைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

நல்ல இல்லம் உங்களைக் கேள்வி கேட்கும். பள்ளி நேரத்தில் வராதீர்கள் என்று சொல்லும். பிள்ளையின் கதையை உங்களிடம் சொல்லாது. எத்தனை பிள்ளைகள் இந்த வருடம் தங்கள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள் என்று கேட்டால் முகம் மலர்ந்து பதில் சொல்லும். 2009-ல் ஐக்கிய நாடுகள் சபை வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டி நெறிகளும் குடும்பத்தையே முதலில் வைக்கின்றன. நீங்கள் செலவழிக்க நினைத்த பணத்தில், ஒரு தாய் பண்டிகைக்குத் தன் பிள்ளையை வந்து அழைத்துப்போக வண்டிச் செலவுக்குக் கொடுக்க முடியுமா என்று நல்ல இல்லம் ஒன்றில் கேட்டுப் பாருங்கள். வண்டிச் செலவுக்கு வழியில்லாமல் வராமல் போன தாய்மாரை எனக்குத் தெரியும்.

*

கேள்வி: கல்லூரி மாணவி நான். கொடுக்கப் பணம் இல்லை. வெறும் கையோடு போகலாமா?

பதில்: தாராளமாக, கண்ணு. சான்றிதழ் வேலையை முடித்துக்கொண்டு, பண்டிகைக்கு ஆறு வாரம் முன்னால் தொடங்கி வாரம் ஒருமுறை போ. பிள்ளைகளோடு ஒரு நாடகம் போடு. கதையை அவர்களே சொல்லட்டும். மேடையேறக் கூசுகிறவனுக்குத் திரை இழுக்கும் வேலை கொடு. நாடகம் பார்க்க யாரைக் கூப்பிடுவது என்று அவர்களே முடிவு செய்து, அழைப்பிதழையும் அவர்களே எழுதட்டும். எங்கள் பிள்ளைகள் முதல்முறை அப்படி எழுதியபோது பால்காரரையும், பள்ளி வேன் ஓட்டுநரையும், ஊசி போடும் நர்ஸ் அக்காவையும் கூப்பிட்டார்கள். மூவரும் வந்தார்கள். அன்று பிள்ளைகள்தான் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்றார்கள்.

*

கேள்வி: பெரியம்மா, நான் 7 வயதிலிருந்து 18 வரை இல்லத்தில் வளர்ந்தவன். இப்போது 25. நல்ல வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் அங்கே போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புவேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன். பொட்டலம் வாங்க வரிசையில் நின்றது ஞாபகம் வந்துவிடுகிறது. போகாதது நன்றி கெட்டத்தனமா?

பதில்: இல்லை, மகனே. உன்னை வளர்த்தது உன் உரிமை. அதற்குக் கடன் எதுவும் இல்லை. போயே தீர வேண்டும் என்று உன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கால் போனால், முன் வாசல் வழியாகப் போகாதே. பண்டிகை நாளன்றும் போகாதே. ஒரு சாதாரண நாளில் சமையலறைப் பக்கக் கதவைத் தட்டு. உன் காலத்து சமையல்கார அக்காவோ காவலாளி தாத்தாவோ இன்னும் இருந்தால், அவர்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல். அங்கே இப்போது 16, 17 வயதில் நாலைந்து பேர் இருப்பார்கள். வெளியே போய் என்ன செய்வோம் என்ற பயத்தில் இருப்பார்கள். அறை எப்படித் தேடினாய், முன்பணம் எப்படிக் கொடுத்தாய், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினாய், காய்ச்சலில் தனியாகப் படுத்திருந்தபோது யாருக்கு போன் செய்தாய் என்று அவர்களிடம் சொல். பொட்டலத்தோடு வருகிற எவராலும் அதைச் சொல்ல முடியாது.

முதல் பதிலில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேனே, அன்று மாலை போனிலேயே நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தாள். முதலில் அறையைக் கூட்டினாள். பிறகு ஜன்னலைத் துடைத்தாள். எதிர்வீட்டு அம்மாவிடம் போய், "நாளைக்கு நான் தனியா இருக்கேன்" என்று சொல்லச் சொன்னேன். தயங்கித் தயங்கிப் போனாள். இரவு 11 மணிக்கு மறுபடி போன் செய்து, "தூக்கம் வரலை பெரியம்மா" என்றாள். அடுத்த வருடம் முந்தின நாள் காலை 7 மணிக்குத் துடைப்பத்தோடு இல்லத்துக்கு வந்து நின்றாள். அதிலிருந்து ஒரு வருடமும் தவறவில்லை. வளர்ந்த பெண் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு, எது எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறாள்.

இந்த வருடமும் வருவாள். நானும் போகிறேன். உன் இல்லத்துக்குக் கால் போகவில்லை என்றால் எங்களோடு வா. இந்த இதழின் முகவரிக்கு என் பெயருக்கு எழுது, சரிபார்ப்புப் படிவம் அனுப்பி வைக்கிறேன், உடனே நிரப்பிக் கொடுத்துவிடு. கூடத்தின் மேல் விட்டத்தில் தோரணம் கட்ட எங்களுக்குக் கை எட்டுவதில்லை. ஏணியில் ஏற ஒரு ஆள் வேண்டும்.